கல்லறைத் தோட்டத்தின் சாவி

அன்புள்ள மகனுக்கு,

நேற்று அம்மாவைப் பார்க்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். உன் நிறுவனம் கணினியில் பதிவேடு செய்துகொடுத்ததும், இனி எதற்கு என்று தோட்டத்து நிர்வாகத்தினர் எண் கற்களையெல்லாம் பிடுங்கிவிட்டார்களாம். அம்மாவுக்கு அடையாளம் அந்தக் கல் மட்டும்தானே. இப்போது ஒப்பந்தம் முடிந்து நீங்கள் பதிவேட்டைப் பூட்டிவிட்டதால், யார் எங்கே என்று காவலாளிக்கே தெரியவில்லை.

"கொத்தனாரு வீட்டைக் கட்டிட்டு, சாவிய இடுப்புல சொருகிட்டுப் போயிட்டாரு பெரியவரே!" என்று சிரித்தார். அந்தக் கொத்தனார் என் பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பேரெல்லாம் அவங்களுதுப்பா, அடுக்கி வெச்ச முறை எங்களுது" என்று இந்தப் பதிவேட்டைப் பற்றி நீ முன்பு விளக்கினாய். சட்டம் உன் பக்கமே இருக்கலாம். எனக்கு அவ்வளவு விவரம் போதாது. ஆனாலும், யார் எங்கே என்பதையாவது எடுத்துக் கொடுத்துவிடலாம் அல்லவா? தவறாகக் கேட்டிருந்தால் மன்னித்துவிடு.

எனக்காகக் கேட்கவில்லை. அம்மாவின் இடம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துப் போனேன். அங்கே மூன்று மேடுகள் ஒன்றுபோலவே இருந்தன. கொண்டுபோன பூவை மூன்றுக்கும் சமமாகப் பிரித்து வைத்துவிட்டு வந்தேன்.

உன் அப்பா