மூன்று மணித் தேநீர்

6 மார்ச் 1994, ஞாயிறு
ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு கட்டுரை. சோறு, ரொட்டி, சீனி என்று மாவுச்சத்து மிகுந்தால் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடுமா என்று ஆராய்கிறார்களாம். ‘கூடுமா’ என்ற இடத்தில் அடிக்கோடிட்டேன். கான்வென்டில் சிஸ்டர் பழக்கிய பழக்கம். பிறகு இடப் பக்கம் தொட்டுப் பார்த்தேன். தைப்பூசத்தன்று கையில் தட்டிய பட்டாணி அளவுக் கட்டி அங்கேயே இருக்கிறது.

7 மார்ச்
சோறு இல்லை. சீனி இல்லை. யாரிடமும் சொல்லப்போவதும் இல்லை.

19 மார்ச்
மூன்று மணிக்குக் கை தானாகப் பால் டின்னைத் தேடுகிறது. முப்பத்தோரு வருடம், தோட்டக் கணக்கு எழுதும் கிராணி வேலைக்கு நடுவே ஆபீசிலிருந்து நடந்து வந்து, என் வீட்டுக்காரரே கலக்கித் தந்த தேநீர். டின் பால், மேலே இரண்டு கரண்டி சீனி. “டீச்சரம்மா, மார்க் எவ்வளவு?” என்பார். பத்துக்கு ஏழுக்கு மேல் நான் போட்டதே இல்லை. ஏன் போடவில்லை?
கசப்பைக் குடித்துவிடலாம். மூன்று மணியை என்ன செய்வது?

2 மே
எடை ஐந்து கிலோ குறைந்தது. கட்டி குறையவில்லை.

11 மே
அவருடைய திவசம். சர்க்கரைப் பொங்கல் வைத்துப் படைத்தேன். காக்கை எடுத்தது. நான் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ராக்கம்மா, நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள், விடவில்லை.
“ஐயாவுக்குப் படைச்சத நீங்க தொடலன்னா எப்படி, கிராணியம்மா? கழுத்தெலும்பு தெரியுது. என்னாத்த ஒளிக்கிறீங்க?”
சொல்லிவிட்டேன். என் வாயா அது!
“மரப் பட்டையில முடிச்சு விழுந்தா உரத்த நிறுத்துனா போயிருமா? தெரிஞ்ச ஆள்கிட்ட காட்டணும் லா! இங்கிலீசு படிச்சு என்னாத்துக்கு?”
படித்ததால்தான் காட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். அவரைத் தவிர யாரும் பார்க்காத இடம் அது. இன்னொரு கை படுவதை... முடியல. என்னால முடியல.

16 மே
சிரம்பான் ஆஸ்பத்திரி. பெண் டாக்டர், சின்னப் பெண்.
“சோறா, சீனியான்னு உறுதியா யாராலயும் சொல்ல முடியாது, அம்மா. ஆனா ஏன் நாலு மாசம் காட்டல?”
ரவிக்கையின் கொக்கிகளை நானே கழற்றினேன்.

9 செப்டம்பர்
ஆபரேஷன் தையல் ஆறிவிட்டது. இடது கை தோளுக்கு மேல் இன்னும் எழவில்லை. ராக்கம்மா அவருடைய எனாமல் குவளையை எடுத்துக் கழுவினாள்.
“எத்தன கரண்டி?”
“இரண்டு.”
பால் கூடிவிட்டது. சூடும் போதாது. அவர் கலக்குவதைப் போல இல்லவே இல்லை.
“நல்லா இருக்கா?” என்றாள்.
பத்துக்குப் பத்து போட்டேன்.