ஆளில்லாத ரோடு

இன்று காலையிலேயே தலைவலி. அலமாரியைத் துழாவி, நீங்கள் கடைசியாகக் கொண்டுவந்த கோடாலித் தைலத்தை எடுத்து நெற்றியில் தடவினேன். அவ்வளவுதான், பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். ஓமானில் லாரி ஓட்டும்போது கண் சொருகாமல் இருக்க மூக்கடியில் தடவிக்கொள்வீர்களே, அந்த வாடை. நம் ஊர் வீரசோழனில் பாதி வீட்டில் இது உண்டு. எனக்கு மட்டும் இது உங்களுடையது.

தலைவலிக்குக் காரணம் நம் மகள். கல்யாணமாகி ஓமான் போனவள் அங்கே லைசென்ஸும் வாங்கிவிட்டாள். இன்று முதல் தடவையாகத் தனியாக, நிஸ்வாவிலிருந்து சூர் வரை, ஒரு பள்ளிக்கூட வேலைக்கு இன்டர்வியூ என்று கிளம்பினாள். மருமகனுக்கு லீவு இல்லையாம். நீங்கள் இருந்திருந்தால் விட்டிருப்பீர்களா? விட்டிருப்பீர்கள். அதை நினைத்தால்தான் எரிச்சல் வருகிறது.

ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். வண்டியில் இருக்கும்போது உங்களைக் கூப்பிடக் கூடாது என்பது கல்யாணமான புதிதில் நீங்கள் போட்ட சட்டம். "நான் கூப்பிடுறேன், நீ கூப்பிடாத" என்பீர்கள். வருஷக்கணக்காகக் காப்பாற்றினேன். மகளுக்கும் அது செல்லுமா என்று கேட்க நீங்கள் இல்லை.

உங்கள் முதல் லீவு நினைவிருக்கிறதா? என் அண்ணன் காரில் அருப்புக்கோட்டைக்குத் துணி எடுக்கப் போனோம். டவுன் நெரிசலில் அழகாக ஓட்டினீர்கள். திரும்பும்போது திருச்சுழி தாண்டி இரண்டு பக்கமும் கருவேலங்காடு, ரோட்டில் ஈ காக்கை இல்லை. நுங்கு வாங்க நிறுத்தி, மறுபடி எடுத்தவர், ஓமானில் வலது பக்கம் ஓட்டிய பழக்கத்தில் நேராக வலது பக்கம் ஏறிவிட்டீர்கள். நானும் சேலை நினைப்பில் கவனிக்கவில்லை. வளைவில் பஸ் வந்துவிட்டது. மூக்கோடு மூக்கு நின்றோம். டிரைவர் தலையை நீட்டி நிதானமாகத்தான் கேட்டார்.

"ஏன் பாய், இது எந்த ஊருன்னு நெனச்சு ஓட்டுறீக?"

"மன்னிச்சுக்கங்கண்ணே. ஆளு வந்துட்டேன், கையி இன்னும் வந்து சேரல."

பஸ்ஸே சிரித்தது. நான் வீடு வரை அழுதேன். கூட்டத்தில் பயமில்லை, முன்னால் போகிற வண்டி பக்கத்தைக் காட்டிவிடும், ஆளில்லாத ரோட்டில் நிறுத்தி எடுக்கும்போதுதான் பழைய பழக்கம் கையை இழுக்கும் என்று அன்று விளக்கினீர்கள். அதிலிருந்து ஒவ்வொரு லீவிலும் வண்டி கிளம்பும்போதெல்லாம் "இடது" என்று சொல்வது என் வேலை ஆனது. வந்ததும் வராததுமாகப் புருஷனை அதட்டுகிறாள் என்று மாமி முணுமுணுப்பார். ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காதவள் சொல்ல, நீங்கள் கேட்டீர்கள். அதில் உங்களுக்கு வெட்கமே இருந்ததில்லை. ஓமானில் யார் சொல்வார்கள் என்றேன். நீங்களே சத்தமாக "வலது, வலது" என்பீர்களாம். கூட வந்த ராமநாதபுரத்துக்காரர் ஜின் பிடித்துவிட்டதென்று பயந்து ஓத ஆரம்பித்தாராம்.

அத்தனை ரோட்டிலும் தப்பித்து, வீட்டுக் கட்டிலில் நெஞ்சுவலியில் போனீர்கள். மகளோ அருப்புக்கோட்டையில் ஓட்டப் பழகியவள். அவள் கை இந்த ஊர்க் கை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல யாரும் இல்லை.

மதியம் ளுஹர் தொழுதேன், என்ன ஓதினேன் என்று தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. விரல் அவள் பெயருக்கு மேல் போய்ப் போய் நின்றது. கடைசியில் ஃபோனை அடுத்த வீட்டில் கொடுத்து, அவள் கூப்பிட்டால் மட்டும் தரச் சொன்னேன். பிறகு அந்த வீட்டு வாசலிலேயே நின்றேன்.

சாயங்காலம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது கூப்பிட்டாள். சேர்ந்துவிட்டாளாம். பாதி வழியில் ஒரு வண்டிகூட இல்லையாம். பெட்ரோல் பங்கிலிருந்து கிளம்பியபோது இடது பக்கம் ஏறிவிட்டாளாம், தூரத்தில் லாரியைப் பார்த்ததும் மாறிக்கொண்டாளாம். காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள். அப்புறம் என்னிடம் குறைபட்டாள்.

"நீங்க ஏம்மா ஒரு தடவகூடக் கூப்பிடல? கூப்பிட்டா ஒடனே எடுக்கணும்னு ஃபோன மடியிலயே வச்சிருந்தேன்."

லாரி வந்த நேரம் எது என்று கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத் தைரியமில்லை. வரும்போது ஃபோனை டிக்கியில் போடு என்று மட்டும் சொன்னேன், அத்தா மாதிரியே பேசுறீக என்று சிரித்தாள்.

நீங்கள் போனபின் பயந்து பயந்து காத்திருக்கும் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். முடியவில்லைங்க. நாளைக் காலை அவள் நிஸ்வாவுக்குத் திரும்புகிறாள். என் ஃபோன் அடுத்த வீட்டில் இருக்கும். நான் அவர்கள் வாசலில் நிற்பேன்.