சலவை அறைச் சூரியன்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று மாப்பிள்ளை சிரிப்பார். சிரிக்கட்டும். போனில் பேசினால் உன் அம்மா காதில் விழும். இதை அவளுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். அவள் பக்கத்து அறையில் ஒரு பல் டாக்டரோடு கம்ப்யூட்டரில் பேசிக்கொண்டிருக்கிறாள். கண்காணாத ஊரில் இருக்கும் அந்த மனுஷரும் தன் கார் ஷெட்டில் அம்மாவுடைய மிஷின் மாதிரியே ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் எழுந்திருக்க மாட்டார்கள். அதற்குள் எழுதி முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

“அந்த மிஷின் இருக்கிற வீட்டுக்கு என் பிள்ளையைக் கூட்டிட்டு வரமாட்டேன்” என்று போன தடவை நீ சொன்னாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நானும் பிள்ளை பெற்றவன்தான். அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு, சலவை அறைக்குப் போய் பம்புக்கு எண்ணெய் மாற்றினாள். கோபம் வந்தால் சிலர் பாத்திரத்தை உருட்டுவார்கள். உன் அம்மா எண்ணெய் மாற்றுவாள்.

முதலில் அந்த மிஷின் என்ன என்று எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். நான் பஸ் ஓட்டிப் பிழைத்தவன். எனக்குத் தெரிந்த சக்தி டீசல் ஒன்றுதான். ஆனால் அவள் மூக்குக்கண்ணாடி கம்பெனியில் வில்லைகளுக்குப் பூச்சு போடும் பிரிவில் இருந்தவள் என்று உனக்குத் தெரியும். காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்ட பெட்டிக்குள் வைத்துத்தான் அந்தப் பூச்சைப் போட முடியும். கம்பெனியை மூடியபோது மற்றவர்கள் நாற்காலியும் மின்விசிறியும் எடுத்துக்கொண்டு போனார்கள். இவள் காற்றை உறிஞ்சும் பழைய பம்பைக் கேட்டு வாங்கி வந்தாள். பம்பு வந்த பின்னால் எவர்சில்வர் உருண்டை வந்தது. அதற்குள்ளே கம்பியால் பின்னிய ஒரு கூடு, எலுமிச்சம்பழம் அளவு. காற்றை உறிஞ்சிவிட்டு, கனமான ஒருவகை ஹைட்ரஜன் வாயுவைத் துளியூண்டு உள்ளே விட்டு, கூட்டுக்குப் பயங்கரமான மின்சாரம் கொடுத்தால், அணுக்கள் நாலா பக்கமிருந்தும் நடுவுக்குப் பாயும். அதில் ஒன்றிரண்டு மோதி ஒட்டிக்கொள்ளும். சூரியனுக்குள்ளே நடப்பதும் அதுதானாம்.

“பவர் ஸ்டேஷன்ல அணுவை உடைக்கிறாங்க, நான் ஒட்டுறேன்” என்பாள். வெடிக்காதா என்று கேட்டேன். “ஸ்விட்சை அணைச்சா நின்னுடும். ஆளில்லாம ஓடறதுக்கு இது என்ன உங்க பஸ்ஸா?” என்றாள். என் பஸ் ஒருநாளும் ஆளில்லாமல் ஓடியதில்லை, அது வேறு விஷயம்.

மாடிவீட்டுத் தையல்காரர் தெரு முழுக்க ‘அணுகுண்டு அக்கா’ என்று பெயர் பரப்பிவிட்டார். அம்மா அவரோடு சண்டைக்குப் போகவில்லை. கதிர்வீச்சைச் சோதிக்கும் அலுவலகத்துக்குத் தானே எழுதிப் போட்டு வரவழைத்தாள். உன் வயதுப் பெண் ஒருத்தி கையில் கருவியோடு வந்தாள். மிஷினை ஓடவிட்டு வீட்டுக்குள்ளும் வெளியிலும் அளந்து பார்த்தாள். ஒரு மூலையில் இன்னும் ஈயத்தகடு வேண்டும், ஓடும்போது யாரும் அறைக்குள் இருக்கக்கூடாது, கேமரா வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடி செய்தோம். அறைக்கு வெளியே அளந்ததில் பயப்பட ஒன்றுமில்லை என்று அந்தப் பெண்ணே சொன்னாள். மிச்சம் இருக்கும் ஆபத்து மின்சாரம். அது நிஜமான ஆபத்து. அதைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, குட்டிம்மா.

கொஞ்ச நாளாகவே டீயைப் பாதி டம்ளர்தான் ஊற்றிக்கொள்வாள். நான் என்னவோ சர்க்கரைக்குப் பயந்து குறைக்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம் என் சட்டைக்குப் பொத்தான் தைக்கத் தடுமாறினாள், அப்புறம் கையெழுத்து கோணியது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இது வயதால் வரும் நடுக்கம் இல்லை, மூளையிலிருந்து வருவது என்றார். மாத்திரையால் தள்ளிப் போடலாம், துரத்த முடியாது என்றார். வெளியே வந்து படிக்கட்டில் நின்றுகொண்டு அவள் என்னிடம் வாக்கு வாங்கினாள். “அவகிட்ட சொல்லாதீங்க. பதறி அடிச்சுக்கிட்டு ஓடி வருவா. என்னைப் பார்க்க வரட்டும். என் கையைப் பார்க்க வர வேணாம்.”

அந்த வாக்கைத்தான் இப்போது மீறிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம். மிஷினை நிறுத்தின பிறகும் உள்ளே மின்சாரம் மிச்சம் இருக்கும், அதை ஒரு நீளக் குச்சியால் தொட்டு மண்ணுக்கு இறக்கிவிட வேண்டும். அவள் குச்சியை நீட்டினாள். கை உதறிக் குச்சி நழுவியது. அதைப் பிடிக்கக் குனிந்தவளுடைய முழங்கை வயரை நோக்கிப் போவதைப் பார்த்தேன். தோளைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் சலவை வாளிகள் மேல் போய் விழுந்தோம். அடி ஒன்றும் இல்லை. ஆனால் நான் கத்தினேன். நான் அவளிடம் கத்தி நீ கேட்டிருக்க மாட்டாய். நானும் அன்றைக்குத்தான் கேட்டேன். அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் சாவியைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். சமைத்தாள், துணி மடித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். வீட்டில் விருந்தாளி ஒருத்தி தங்கியிருக்கிற மாதிரி இருந்தது. ஒருநாள் அந்தப் பல் டாக்டர் கம்ப்யூட்டரில் வந்து, காற்று கசிகிறது என்றீர்களே, எங்கே என்று கண்டுபிடித்தீர்களா என்று கேட்டார். “நிறுத்திட்டேன் சார்” என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, “துணி துவைக்க இடம் பத்தலை” என்று சொல்லிச் சிரித்தாள். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பைக் கேட்டபின் எங்கே கிளம்பினேன் என்பதே மறந்துவிட்டது.

மறுநாள் காலையில் அறையைத் திறந்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். இனிமேல் மிஷினைத் தொடுவது நான், சொல்வது நீ என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒரு பல்பு மாட்டத் தெரியாது உங்களுக்கு” என்றாள். கண்டக்டர் விசில் கொடுத்தால் எடுப்பேன், விசில் கொடுத்தால் நிறுத்துவேன், என் பிழைப்பே அதுதானே என்றேன். அவள் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

கண்டக்டர்களிலேயே இவ்வளவு கறாரான ஆளை நான் பார்த்ததில்லை. கம்பிக்கூட்டை நான் பின்னப் பின்ன அவள் பிரிக்கச் சொன்னாள். கூடு மாதிரி இல்லை, காக்கா கலைத்த மாதிரி இருக்கிறது என்றாள். குச்சியை எப்படிப் பிடிப்பது, ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியாகப் போகாமல் இருக்க ஒரு கையை எப்போதும் முதுகுக்குப் பின்னால் வைத்திருப்பது, எல்லாம் பாடம். தூக்கத்தில்கூட நான் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தூங்குகிறேன் என்று கேலி செய்கிறாள்.

கசிவுதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. மூட்டு மூட்டாக ஸ்பிரிட் தெளித்து, காற்றழுத்தம் காட்டும் முள் அசைகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசியில் நான் பூட்டின மூட்டிலேயே அகப்பட்டது. கழற்றிப் பார்த்தால், மூட்டை அடைக்கும் ரப்பர் வளையத்துக்கு அடியில் ஒரு நரைமுடி. என்னுடையதுதான். “தலையில இருக்கிறதே நாலு முடி, அதுலயும் ஒண்ணைக் கொண்டுவந்து இங்க வைக்கணுமா?” என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வர, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டாக்டரிடம் போய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போன சனிக்கிழமை காலையில் ஓட்டினோம். கேமராத் திரையில் முதலில் ஊதா மூட்டம் தெரிந்தது. மின்சாரத்தை ஏற்ற ஏற்ற, அந்த மூட்டம் சுருங்கிக் கம்பிக்கூட்டின் நடுவில் ஒரு பொட்டாக நின்றது. அழகு என்று சொன்னால் போதாது. ஆனால் அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளிச்சம் யார் வேண்டுமானாலும் வரவழைக்கலாம், ஒட்டியதற்குச் சாட்சி வேண்டும் என்றாள். அதற்கென்று ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. உள்ளே பாகு மாதிரி ஒன்று. அணுக்கள் ஒட்டும்போது தெறிக்கிற துகள் அதில் பட்டால் ஒரு சின்னக் குமிழி நிற்கும். நிறுத்தி, குச்சி வைத்து, எல்லாம் இறங்கியபின் குழாயை எடுத்து அவளிடம் கொடுத்தேன். ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கை ஆடியது. மறு கையால் பிடித்துப் பார்த்தாள், அப்போதும் ஆடியது. “நீங்க பிடிங்க” என்றாள். பிடித்தேன். அவள் கன்னம் என் கையில் ஒட்டுகிற அளவுக்குக் கிட்டே வந்து பார்த்தாள்.

குமிழிகள் இருந்தன. மிஷினுக்கு எட்டாத இடத்திலும் குமிழி வருகிறதா என்று ஒப்பிட, தெருக்கோடியில் பால்காரர் வீட்டில் கொடுத்துவைத்திருந்த இன்னொரு குழாயைப் போய் வாங்கி வந்தேன், அதில் ஒன்றுகூட இல்லை. அப்படியும் நம்பாமல் புதுக்குழாய் வைத்து இன்னொரு தடவை ஓட்டச் சொன்னாள். மறுபடியும் இருந்தன. நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஒட்டிடுச்சுங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இதனால் என்ன பிரயோஜனம் என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். தெருவிலுள்ள இஸ்திரிப் பெட்டியெல்லாம் சேர்ந்து குடிக்கிற மின்சாரத்தைக் குடித்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீரைச் சூடாக்கக்கூட இது எதையும் திருப்பித் தராது. அவளுக்கு அது தெரியும். “சூரியன் அவ்வளவு தூரத்துல இருக்கிறதாலதான் யாருக்கும் ஒண்ணும் தெரியலை. கிட்ட வச்சுப் பார்க்கணும்னு இருந்துச்சு, பார்த்துட்டேன்” என்றாள். எனக்கு அது போதுமானதாகப் பட்டது. உனக்கும் படுமா, தெரியவில்லை.

நேற்று அவளாகவே, “பிள்ளை வர்றதா இருந்தா இதைக் கழட்டி வச்சிடலாம்” என்றாள். குரலில் வருத்தமே இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கழற்றச் சொல்லாதே, குட்டிம்மா. நீங்கள் இருக்கிற நாளெல்லாம் மிஷின் ஓடாது, வயர் பிடுங்கியிருக்கும், கதவு பூட்டியிருக்கும். இது என் பொறுப்பு. ஆயிரம் பேரை ஏற்றி இறக்கியவன், என் பேத்தியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள மாட்டேனா?

கடிதம் கிடைத்ததும் என்னைக் கூப்பிடாதே, அவளைக் கூப்பிடு. கையைப் பற்றிக் கேட்காதே. எப்படிம்மா ஒட்டவைத்தாய் என்று கேள். நிறுத்தாமல் சொல்வாள். கேட்டுக்கொண்டே இரு. மற்றதை எப்போது சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறதோ அப்போது அவளே சொல்வாள்.

வாண்டு இப்போது நன்றாக எடை போட்டிருப்பாள். பாட்டி இடுப்பில் ஏற வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருக்கும். அம்மாவுக்கு இன்றைக்கு அவளைத் தூக்க முடியும். இன்றைக்கு முடியும் என்றுதான் என்னால் எழுத முடிகிறது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். உங்கள் மூன்று பேருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். லீவு எப்போது கிடைக்கும் என்று பார்க்காதே. கேட்டு வாங்கு.

வந்துடும்மா.

உன்
அப்பா