கடைசிக்கு முந்தின பல்

ஜனவரி 6, 2025
நவம்பரில் உடைந்த பல்லின் விளிம்பு நாக்கை உரசிக்கொண்டே இருக்கிறது; அப்போது வந்த புண்ணும் ஆறவில்லை. இன்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மூன்று பீரியட் கணக்கு. பேசப் பேச எரிச்சல். பரீட்சை முடியட்டும்.

பிப்ரவரி 2
இவர் விடவில்லை. விளாங்குடியில் பல் டாக்டராக இருக்கிற முனீஸ்வரியிடம் கூட்டிப் போனார். என்னிடம் படித்தவள். நாக்கில் புண் எத்தனை நாளாக என்று கேட்டாள். பத்து நாள் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்?
வேர் சிகிச்சை ஆரம்பம்.

பிப்ரவரி 16
கேப் எதற்கு என்று கேட்டேன். வேர் சிகிச்சை செய்த பல் பலமிழந்து, கடிக்கும்போது பிளந்துவிடுமாம். பாதிக்கு மேல் உடைந்ததில் சிமெண்ட் நிற்காது. அதனால் பல்லைச் சுற்றிலும் சீவி, அளவெடுத்து, மேலே முழுப் பல் போல ஓர் உறை. மெல்லலாம், கூர் விளிம்பும் மூடிக்கொள்ளும்.
"கேப் பல்லுக்குத்தான் டீச்சர். புண்ணு ரெண்டு வாரத்துல ஆறிரணும். ஆறலைன்னா ஒடனே வாங்க. பரீட்சைன்னு சொல்லக் கூடாது."

பிப்ரவரி 23
கேப் போட்டாயிற்று. கண்ணாடியில் பார்த்தால் எது என் பல் என்றே தெரியவில்லை. மத்தியானம் அந்தப் பக்கமாகவே வெள்ளரிக்காய் கடித்தேன்.

மார்ச் 9
இரண்டு வாரம். புண் ஆறவில்லை. ஓரம் தடித்திருக்கிறது. வலி குறைவுதான் — அது நல்லதா?
கணக்குப் பரீட்சை வரை பொறுக்கலாம்.

மார்ச் 23
போனேன். முனீஸ்வரி கையுறை மாட்டிய விரலால் அழுத்திப் பார்த்தாள். துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறாள்.

மார்ச் 31
கேன்சர்.
முன்னமே வந்திருந்தால் என்று கேட்டேன். அவள் பொய் சொல்லவில்லை. "சின்னதா இருந்திருக்கும் டீச்சர்."
பத்து நாளாம், பத்து நாள். மூணு மாசத்தப் போயி பத்து நாளுன்னு சொன்னியேடி. எதுக்கு ஒனக்கு அம்புட்டுப் பிடிவாதம்?

ஏப்ரல் 12
ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை. நாக்கில் பாதிக்கு மேல் போகும். பிறகு கதிர்வீச்சு. கதிர் பட்ட பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாதாம். அதனால் சந்தேகமான பற்களை முன்பே எடுக்க வேண்டும். கேப் போட்ட பல்லும் அதில் ஒன்று. வேர் நுனியில் சீழ் இருக்கிறது. முனீஸ்வரியே பிடுங்கினாள். அவள் கண் கலங்கியது.
எண்ணிப் பார்த்தேன். கேப் போட்டு நாற்பத்தெட்டு நாள். ஒரு மண்டலம்.

மே 3
கஞ்சி. குழாய். கஞ்சி.

மே 20
செல்லூரிலிருந்து அன்னக்கொடி வந்திருந்தாள். கணக்கில் நூற்றுக்கு நூறு. காலேஜிலும் கணக்கே எடுக்கட்டுமா என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை, இவரைப் பார்த்தாள். மறுபடியும் சொன்னேன். இவருக்கும் புரியவில்லை.
மூன்றாவது தடவை தலையை மட்டும் ஆட்டினேன்.