நெலிதாகிட்ட கேட்டாச்சு

மொந்தேவிதேயோ,
மார்ச் 4

அன்புள்ள நெலிதா அக்காவுக்கு,

எவரிஸ்தோ எழுதுவது. உங்கள் மருத்துவமனைக்கு முன்பதிவு மென்பொருள் செய்த குழுவில் ஒருவன். மூன்று நாள் உங்கள் கவுன்ட்டரில் உட்கார்ந்து உங்கள் மாத்தே தேநீரைக் குடித்துத் தீர்த்தவன். உங்களைக் கோப்பறைக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

திரையில் பதிந்த விவரம் இரண்டு நிமிடத்தில் தானாக அழியக் கூடாது என்று அன்றே சொன்னீர்கள். "வயசானவங்க பையத் துழாவி அட்டைய எடுக்கவே அஞ்சு நிமிஷம் ஆகும்ப்பா" என்றீர்கள். எழுதிக்கொண்டேன். ஆனால் எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு கெடு, மாற்ற நேரமில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்பது மறக்காமலிருக்க உங்கள் படத்தைச் சுவரில் குத்தி, கீழே 'பயனர்: நெலிதா' என்று எழுதியிருந்தோம். இந்த நேரம் போதுமா என்று குழுத் தலைவர் கேட்டபோது அந்தப் படத்தைக் காட்டி, "நெலிதாகிட்ட கேட்டாச்சு, ரெண்டு நிமிஷம் போதுமாம்" என்று சொல்லிவிட்டேன்.

பொய், அக்கா. மன்னியுங்கள்.

உங்கள் முன் நிற்க முகமில்லாத
எவரிஸ்தோ

பைசாந்தூ,
மார்ச் 11

எவரிஸ்தோவுக்கு,

கோப்பறையில் நானும் தூசியும் நலம்.

சிரிலோ என்று ஒரு பெரியவர். போன மாதம் பதிய வந்தவர், அட்டையைத் தேடி எடுப்பதற்குள் திரை அழிந்திருக்கிறது. கவனிக்காமல் வெற்றுப் பதிவில் 'சரி' அழுத்திவிட்டேன். குறித்த நாளில் தொண்ணூறு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தார். பட்டியலில் பெயர் இல்லை. "நீயுமா நெலிதா என்னை அலைய விடுற?" என்றார். மருத்துவமனை இயக்குநர் திட்டி இங்கே மாற்றியது மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

நீ என்னைக் கேட்காமலே செய்திருந்தால், விவரம் தெரியாத பையன் என்று விட்டிருப்பேன். கேட்டாய், எழுதினாய், அப்புறம் என் வாயை இரவல் வாங்கி நீ பேசினாய்.

என் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடு. பொய் சொன்னது யார் என்று இயக்குநருக்கு எழுது.

நெலிதா

மொந்தேவிதேயோ,
மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இயக்குநருக்கு எழுதிவிட்டேன், நகல் இத்துடன். உங்கள் படமும் உறையில் இருக்கிறது. மூலையில் ஊசி ஓட்டை, அதற்கும் மன்னியுங்கள். தலைவர் இப்போது என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேலை நிலைக்குமா தெரியாது.

இன்று கூட்டத்தில் ஒருவன், "இந்தப் பட்டன் நெலிதாவுக்குச் சரிப்படுமா?" என்றான். எல்லோரும் பழக்கத்தில் சுவரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"தெரியாது" என்றேன். "கேக்கணும்."

கேட்கலாமா, அக்கா?

எவரிஸ்தோ