வராதவர்தான் செயலாளர்

அக்கா,

காலையில் மேல்தொட்டி கழுவிய பிளீச்சிங் பவுடர் வாடை இன்னும் கையை விட்டுப் போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன். காபி டம்ளரைத் தூக்கினால் காபி மணக்கவில்லை, தொட்டிதான் மணக்கிறது. இது உங்கள் கையில் எப்போதும் இருந்த வாடை. நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், கண்ணை மூடிக்கொண்டே "அக்கா தொட்டி கழுவிட்டு வாராங்க" என்று சொல்லிவிடுவேன். இன்று என் கையை நானே மோந்து பார்த்துவிட்டு, சட்டென்று திரும்பி உங்களைத் தேடினேன். பக்கத்து நாற்காலியில் துவைத்த துணிதான் கிடந்தது.

அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன். நேற்று நம் நகர் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? இந்த நகரில் அந்தத் தண்ணீர்ச் சாவியை வருடக்கணக்கில் சுமந்த ஆள் நீங்கள் ஒருவர்தானே. உங்களுக்குத் தெரிந்த கதையையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன். முதலில் இருந்து சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் ஆறும்.

திருச்செங்கோடு சாலையில் நாம் மனை வாங்கி வந்தபோது நான்கு வீதி, ஒரு பொதுப் போர்க்குழாய், ஒரு மேல்தொட்டி, பூங்காவுக்கென்று விட்ட ஒரு முள்ளுக்காடு. இவ்வளவுதான் இருந்தது. நான்கு வீதிக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட்டால் ஒரு வீட்டுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேராது. அதனால் வீதிக்கு ஒரு வால்வு வைத்தார்கள். எல்லாவற்றையும் திறக்க ஒரே ஒரு இரும்புச் சாவி, முழங்கை நீளத்தில், தலையில் குறுக்குக் கம்பியோடு. அது குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டில் இருக்கும். கை மாற்றிக் கொடுத்தால் அவரவர் வீதிக்குத்தான் முதலில் திறப்பார்கள் என்று நீங்கள் அதை யாரிடமும் விட்டதே இல்லை.

தலைவர் பதவி என்றால் நம் ஆட்களுக்குள் அடிதடி நடக்கும். மேடை, மாலை, கொடியேற்றம் எல்லாம் அதில் உண்டு. செயலாளர் பதவிக்கு மட்டும் ஆளே கிடைக்காது. அதற்கு நம் ஜனங்கள் கண்டுபிடித்த வழக்கத்தை வேறு எந்த ஊரிலும் நான் கேள்விப்பட்டதில்லை. கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர்தான் செயலாளர். வந்தவர் மறுத்துப் பேசுவார், வராதவர் எப்படிப் பேசுவார்? அதனால் அந்த ஒரு நாள் மட்டும் எல்லோருக்கும் ஊர்ப்பற்று பொங்கிவிடும். லாரிக்காரர்கள் லோடு ஏற்றாமல் வந்துவிடுவார்கள். காய்ச்சல்காரர்கூடப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருவார்.

நீங்கள் மாட்டியதும் அப்படித்தான். தம்மம்பட்டியில் தங்கை பேரனுக்குக் காதுகுத்து என்று போயிருந்தீர்கள். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கூட்டமே நின்றது.

"ஏனுங்க, ஒரு நாளு தங்கச்சி ஊட்டுக்குப் போயிட்டு வந்தா இப்படியா பண்ணிப்போடுவீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்புதான் தப்பு, அக்கா. நம் நகரில் சிரித்துவிட்ட ஆளை அப்புறம் யாரும் இறக்கிவிட மாட்டார்கள்.

ஆனால் வேலையில் உங்களை யார் அடித்துக்கொள்ள முடியும்? பூங்கா இடத்தில் முள் வெட்டி, பார்த்தீனியம் பிடுங்கி, வேலி போடப்போகும் நேரத்தில் இரண்டாவது வீதியில் இருந்த, போர் போடும் ரிக் வண்டிக்காரர் தன் கம்ப்ரசர் லாரியைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார். மழை முடிந்ததும் வடக்கே போய்விடும் என்றார். மறுநாள் நீங்கள், லாரி பட்டறைக்குப் போன நேரம் பார்த்து, அதே இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முறத்தில் சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பித்தீர்கள். திரும்பி வந்த டிரைவர் ஹாரனை அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"ஏனுங்கம்மா, வண்டி போடோணும். கொஞ்சம் எந்திரிங்க."

"நான் பூங்காவுல காத்து வாங்கிட்டு இருக்கறேன் சாமி. நீயும் ஒரு சேரு கொண்டாந்து போட்டு உக்காரு."

நானும் என் வீட்டு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அடுத்தடுத்த நாளில் அந்த வீதிப் பெண்கள் எல்லோரும் முறத்தோடு வந்துவிட்டார்கள். கடைசியில் அந்த ரிக் வண்டிக்காரர் மனைவியே நாற்காலி தூக்கிக்கொண்டு வந்து நம் நடுவில் உட்கார்ந்ததும், அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் வெங்காயம் எது, தோல் எது என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வருடத்தில் பாதி நாள் ரிக் வண்டியோடு வடக்கே கிடந்த காலம் அது. உங்களோடு இருந்ததால்தான் எனக்கு அந்த வருடங்கள் தெரியாமல் போயின.

உங்களுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தங்கை வீட்டில் ஒரு மாதம் போய் இருக்க வேண்டும். காசியும் இல்லை, ராமேஸ்வரமும் இல்லை, ஆத்தூர் போய் பஸ் மாறினால் தம்மம்பட்டி. இரண்டு பேருமாகப் படுத்துக்கொண்டு விடிய விடியப் பேச வேண்டும் என்பீர்கள். போவீர்கள், மத்தியானச் சோறு உண்பீர்கள், நாளைக்கு நாலாவது வீதி முறை என்று சாயங்காலமே திரும்பிவிடுவீர்கள். நான் திட்டினால் ஒரே பதில்தான்.

"அடுத்த வருசம் வேற யாராச்சும் வந்துருவாங்க அம்மிணி. அப்பறம் நிம்மதியாப் போயிக்கலாம்."

ஒவ்வொரு வருடமும் இதையே சொன்னீர்கள். ஒவ்வொரு வருடமும் நான் நம்பினேன்.

உங்களைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, காருக்குள் இருந்தபடி சாவியை என் கையில் திணித்தீர்கள். "புடி அம்மிணி. வந்து வாங்கிக்கறேன்" என்றீர்கள். காலையில் தண்ணீர் திறந்துவிட்டுப் பஸ் ஏறி உங்களிடம் வருவேன். கடைசி நாள் நீங்கள் கண்ணைத் திறக்காமலே கேட்டீர்கள்.

"இன்னைக்கி எந்த வீதி?"

"மூணாவதுங்கக்கா."

"அங்க கடைசி ஊட்டுக்கு ஏறாது. கொஞ்சம் சேத்தி உடு."

உங்கள் தங்கை கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். தம்மம்பட்டியிலிருந்து ஓடி வந்தவர். அவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று அதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்தத் தங்கையின் முகம்தான் முன்னால் வருகிறது.

நான் உங்கள் கட்டிலருகே இருந்த அதே ஞாயிற்றுக்கிழமைதான் நகரில் கூட்டம் நடந்திருக்கிறது. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் கிடத்தினோம். குளிப்பாட்டக் குடம் வைத்தால் குழாயில் தண்ணீர் இல்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "சாவி உங்ககிட்டத்தானுங்க இருக்குது. கூட்டத்துக்கு வராததால இப்ப நீங்கதானுங்களே செயலாளரு" என்றார் ஒருவர், துக்க வீட்டில் பேசுகிற தணிந்த குரலில். அழுத கண்ணோடு போய் வால்வைத் திருகினேன். செயலாளராக நான் செய்த முதல் வேலை உங்களைக் குளிப்பாட்டத் தண்ணீர் விட்டதுதான். அந்த நேரத்தில் மாட்டேன் என்று யாரால் சொல்ல முடியும்?

அன்றிலிருந்து எனக்கு விடுதலை இல்லை. "ஏனுங்க, தண்ணி கலங்கலா வருதுங்க." "ஏனுங்க, பூங்கா ஊஞ்சல் கிறீச்சுங்குது, மத்தியானம் தூங்க முடியலீங்க." "ஏனுங்க, பூங்கா வேலியில எதுத்த ஊட்டுக்காரங்க மெத்தையக் காயப்போட்டிருக்கறாங்க, நீங்க கேக்க மாட்டீங்களா?" கல்யாணத்துக்குப் போனால் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தாலி கட்டியதைப் பார்த்தேனா இல்லையா என்றே தெரியாமல் ஓடிவருகிறேன். வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு வந்துவிட்ட என் வீட்டுக்காரர், "அந்தச் சாவியக் கொண்டுபோயி ஏதாச்சும் கெணத்துல போட்டுட்டு வா" என்கிறார். கிணற்றில் போட்டால் புதிதாக ஒன்று அடித்து என்னிடமே கொடுப்பார்கள்.

அக்கா, என் மகளுக்கு இரண்டாவது பேறுகாலம். கோயம்புத்தூரில் இருக்கிறாள். மூத்தவன் பள்ளிக்கூடம் போவதால் இங்கே வர முடியாது. ரத்தக் கொதிப்பு இருக்கிறது, எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் போய் குழந்தை பிறந்து தேறும்வரை இருக்க வேண்டும். "கூட்டம் முடிஞ்ச கையோட வாரேன் கண்ணு" என்று சொல்லியிருந்தேன். சுக்கு, பூண்டு, லேகியச் சாமான், துவைத்துத் துவைத்துப் பூவாக்கிய பழைய வேட்டித் துணி எல்லாம் பையில் கட்டி, கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

நேற்றைய கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போனேன். சாவியை மஞ்சப்பையில் போட்டு மேசை மேல் வைத்தேன். பூங்கா நிரம்பிவிட்டது. எப்போதும் போல் ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, நாலாவது வீதிக்குப் புதிதாகக் குடிவந்த, கோழித்தீவன வண்டி ஓட்டுகிற செல்வம் மட்டும் வரவில்லை.

"அப்பறம் என்னுங்க, செல்வந்தான் செயலாளரு" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நானும் சிரித்தேன். பின்னாலிருந்து அந்தத் தம்பியின் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: "அவங்கப்பாவுக்கு நெஞ்சு வலின்னு சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கறாருங்க."

அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் கண்ணில் தெரிந்ததெல்லாம் உங்களுக்காக நான் உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சுதான். எழுந்துவிட்டேன்.

"ஆஸ்பத்திரியில நிக்கறவன் தலையில இதக் கட்டாதீங்க. எந் தலையில கட்டுனது போதும். இங்க வந்திருக்கறவங்கள்ல ஒருத்தர் எடுங்க."

எல்லோரும் ஊஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார். "அம்மிணி சொல்றது நாயந்தானுங்க. இவ்வளவு பொறுப்பாப் பேசறவங்க இருக்கறப்ப நாம எதுக்கு வேற ஆளத் தேடோணும்? அவங்களே இருக்கட்டும்." கைதட்டிவிட்டார்கள். "இல்லீங்க, எம் மக..." என்று நான் கத்தியது அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அதற்குள் போண்டா வந்துவிட்டது.

சாவியைத் தொடவில்லை. மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து நடந்தேன். வீட்டுக்குப் போக மனமில்லாமல் கோயில்வரை போய், அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். என் வீட்டு கேட்டில் மஞ்சப்பை தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ அக்கறையாக உள்ளே இரண்டு போண்டாவும் மடித்து வைத்திருந்தார்கள்.

மகள் கூப்பிட்டாள். "எப்பம்மா வார? கூட்டம் முடிஞ்சுதா?"

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "அடுத்த வருசம் வேற யாராச்சும் வந்துருவாங்க கண்ணு..."

உங்கள் குரல் மாதிரியே இருந்தது, அக்கா. பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்: "செரிம்மா. நான் எங்க அத்தைய வரச் சொல்லிக்கறேன்." வைத்துவிட்டாள்.

காலையில் தொட்டி கழுவ ஆள் வந்து நின்றார். போனேன். கழுவினோம். வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கதவுக்குப் பின்னால் பை அப்படியே இருக்கிறது. நீங்கள் நல்லவர், உங்களைப் போல் ஒருவர் இல்லை என்று ஊரே சொல்கிறது. நானும் சொல்வேன். ஆனால் நீங்கள் ஒரே ஒரு மாதம் தம்மம்பட்டிக்குப் போய் இருந்திருந்தால், போகலாம் என்று எனக்கும் தெரிந்திருக்கும்.

வாசலில் யாரோ கேட்டைத் தட்டுகிறார்கள். மூன்றாவது வீதிக் கடைசி வீட்டுப் பெண்.

"ஏனுங்கக்கா, இன்னைக்கித் தண்ணி உடலீங்களா?"

நேற்று மகளிடம் என்னால் சொல்ல முடியாமல் போன அந்த ஒரு சொல்லை, யோசிக்காமல், எழுந்துகொண்டே இவளிடம் சொல்லிவிட்டேன்.

"இதா, வாரேன் சாமி."