கல்லீரலின் முன்துண்டு

அக்காவுக்கு,

உன் மார்புக் கட்டியில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இல்லை, அதனால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை பலிக்காது என்று எங்கள் ஆய்வகம் சொன்னது தப்பு. அந்த ஏற்பிக்கான மரபணு ஒன்றுதான், ஆனால் அதைப் படியெடுக்கும்போது நகலின் தொடக்கத்தில் கல்லீரல் ஒரு முன்துண்டை ஒட்டும், மார்பு வேறொன்றை ஒட்டும். நாங்கள் கல்லீரலின் முன்துண்டை உன் மார்பில் தேடிவிட்டு, ஏற்பியே இல்லை என்று எழுதியிருக்கிறோம். இரண்டுக்கும் பொதுவான துண்டைத் தேடிப் பார்க்கச் சொன்னேன்.

"அக்கான்னதும் ரிசல்ட்டை வளைக்கிறியா?" என்றார் எங்கள் ஆய்வகத் தலைவி.

"பேரை மறைச்சுட்டு நீங்களே பாருங்க மேடம்."

பார்த்தார். "டேய், ஏற்பி நிறைய இருக்குடா!" என்று கத்தினார்.

மாத்திரை கட்டாயம் கேட்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கேட்க நல்ல வாய்ப்பு உண்டு. டாக்டரிடம் நானும் வருகிறேன்.

உன் துணிமணிகளை யார் யாருக்கு என்று பிரித்து வைத்திருக்கிறாயாமே? மாமா போனில் அழுகிறார். மரியாதையாக எல்லாவற்றையும் திரும்ப எடுத்து நீயே உடுத்து.

உன் தம்பி